நம் வீட்டுக் கல்யாணம் யார் சேனலில்?

இப்போது கல்யாணப் பத்திரிகையில் மூலையில் ஒரு கியூஆர் கட்டம் தவறாமல் இருக்கிறது. வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே நேரலையில் பார்க்கலாம். நல்ல வசதிதான். ஆனால் அந்தக் கட்டம் கொண்டுபோய் விடுவது பெண் வீட்டுச் சேனலிலும் இல்லை, பிள்ளை வீட்டுச் சேனலிலும் இல்லை, வீடியோக்காரருடைய சேனலில். இது கூடவே கூடாது என்கிறேன்.

2021 ஜனவரியில் திருக்கடையூரில் என் அண்ணனுக்குப் பீமரத சாந்தி. கொரோனாவால் அமெரிக்காவில் இருந்த பிள்ளைகள் வர முடியவில்லை. பேரக்குழந்தைகள் அங்கே ராத்திரி தூங்காமல் விழித்திருந்து நேரலையைப் பார்த்தார்கள். அண்ணன் கேமராவைப் பார்த்து ஒவ்வொருவர் பேரையும் சொல்லிக் கையை ஆட்டினார். 2023-ல் அவர் போய்விட்டார். முதல் வருஷத் திவசம் முடிந்த சாயங்காலம் அண்ணி அந்த வீடியோவைப் போடச் சொன்னார். லிங்க்கைத் தொட்டால் ஒன்றும் வரவில்லை. சேனலே இல்லை.

வீடியோக்காரரிடம் விசாரித்தேன். வேறு கல்யாணங்களில் சினிமாப் பாட்டோடு நேரலை போட்டதில் காப்புரிமைப் புகார்கள் வந்து சேனல் போய்விட்டதாம். 90 நாளைக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் யூடியூப் சேனலையே நீக்கிவிடலாம். யார் வீட்டு ரிசப்ஷனிலோ போட்ட குத்துப்பாட்டுக்கு எங்கள் அண்ணன் காணாமல் போனார். காப்பி இருக்கிறதா என்று கேட்டேன். "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு சார்."

"சாஃப்ட்வேர்ல அப்படித்தான் சார் வரும்" என்பார்கள். நம்பாதீர்கள். தொலைபேசித் துறையில் 34 வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், இது லைனை எந்த நம்பருக்குப் போடுவது என்கிற சமாச்சாரம்தான். பலரும் வைத்திருப்பது ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள். கேமராவிலிருந்து படத்தை வாங்கி யூடியூபுக்குத் தள்ளும். எந்தச் சேனலுக்கு என்பதைத் தீர்மானிப்பது ஸ்ட்ரீம் கீ என்கிற நீள எழுத்துக் கோவை. அவருடைய கீ இருக்கும் இடத்தில் நம்முடையதை ஒட்டினால் படம் நம் சேனலுக்கு வரும். ஒரு நிமிஷ வேலை. பாஸ்வேர்டு தரவேண்டியதில்லை. கீயை வைத்திருப்பவர் படம் அனுப்பலாமே தவிர, நம் பழைய வீடியோக்களை அழிக்க முடியாது. விசேஷம் முடிந்ததும் கீயை ரீசெட் செய்துவிட்டால் பழையது செல்லாது. உறவுக்காரர் மட்டும் பார்த்தால் போதுமென்றால் 'அன்லிஸ்டட்' என்று வைத்துக்கொள்ளலாம். சந்தைக்கு வைக்கவேண்டாம்.

பின் ஏன் மறுக்கிறார்கள்? நம் வீட்டு முகூர்த்தம் அவருக்கு விளம்பரம். பிழைப்பு, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கூலியும் கொடுத்து வீடியோவையும் அவரிடமே விட்டுவிட்டு வருவது என்ன கணக்கு?

நம் பக்கத்திலும் தப்பு உண்டு. புதுச் சேனலில் நேரலைக்கு அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். மண்டபத்தில் நாதஸ்வரம் தொடங்கிய பிறகு போனைத் தேடினால் நடக்காது. ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள். இன்னொன்று, ஒரே நேரலை 12 மணி நேரத்தைத் தாண்டினால் யூடியூப் அதைச் சேமித்து வைக்காது; நிச்சயதார்த்தத்தையும் முகூர்த்தத்தையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். ஓபிஎஸ்ஸில் நேரலைப் பொத்தானுக்குக் கீழேயே பதிவுப் பொத்தான் இருக்கிறது. அதையும் அமுக்கச் சொல்லி, அந்தக் கோப்பைப் பென் டிரைவில் வாங்கிய பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.

செப்டம்பரில் அண்ணன் பேத்திக்குக் கல்யாணம். முன்பணம் கொடுக்குமுன்பே இதையெல்லாம் சொன்னேன். இரண்டு பேர் முடியாது என்றார்கள். மூன்றாமவர் சரி என்றார், அவருக்குத்தான் கொடுத்திருக்கிறேன்.