சின்னத்திரையில் எவருடைய தமிழ் சிரிப்புக்குரியது?

தமிழகத் தொலைக்காட்சித் தொடர்கள் எமது இல்லங்களின் மாலைப்பொழுதை ஆட்கொண்டு கால் நூற்றாண்டு ஆகின்றது. 1999இல் ஆரம்பமான 'சித்தி' முதல் 2022 தொடக்கம் 2024 வரை ஒளிபரப்பான 'எதிர்நீச்சல்' வரை, அவற்றின் கண்ணீரில் எம்மவரும் பங்குகொண்டுள்ளனர். ஆயினும், அவற்றில் எவர் எந்தத் தமிழைப் பேசுகின்றார் என்பதனை நாம் கூர்ந்து நோக்குவதில்லை.

படித்த கதாநாயகி பெரும்பாலும் ஊர் அடையாளமற்ற பொதுத்தமிழ் பேசுவார். வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கும் அடியாளுக்கும் வடசென்னைப் பேச்சு ஒதுக்கப்படும். பெண்களை அடக்கியாளும் குடும்பத் தலைவர் மதுரைப் பக்கத்தவராக இருப்பார். 'எதிர்நீச்சல்' தொடரில் மறைந்த நடிகர் மாரிமுத்து ஏற்ற ஆதி குணசேகரன் பாத்திரம் இதற்குச் சான்று. நாள்தோறும் சில நிமிடங்களில் கதை நகர வேண்டியுள்ளது; சமையலறையில் இருந்தவாறு கேட்பவருக்கும் ஆள் விளங்க வேண்டும். எனவே, குணத்தை உருவாக்கும் உழைப்பைப் பேச்சுவழக்கின் தலையில் சுமத்திவிடுகின்றனர்.

இதன் வலியை நாமும் அறிவோம். 2000ஆம் ஆண்டில் வெளியான 'தெனாலி' திரைப்படத்தில் கமல்ஹாசன் ஈழத்தமிழராகத் தோன்றி, எமது பேச்சு நகைச்சுவைப் பொருளானபோது பலர் சிரித்தனர். சிலர் முகம் சுளித்தனர்.

ஆனால், நாம் மட்டும் குற்றமற்றவர்களா? எமது நாடகங்களிலும் யாழ்ப்பாணத் தமிழ் ஆசிரியருக்கு, மலையகத் தமிழ் வேலையாளுக்கு, முஸ்லிம்களின் தமிழ் வியாபாரிக்கு என எழுதப்படாத பங்கீடு ஒன்று நீண்டகாலமாக நிலவி வந்துள்ளது.

பேச்சுவழக்கை வைத்துச் சிரிப்பதே தவறென நாம் கூறவில்லை. இலங்கை வானொலியில் ஒலித்த 'கோமாளிகள் கும்மாளம்' நாடகத்தில் மரிக்காராக எஸ். ராமதாஸும் ஐயராக பி.எச். அப்துல் ஹமீதும் நடித்தனர். ஒருவரது பேச்சை மற்றவர் ஏற்றுப் பேசினர். நான்கு கோமாளிகளும் சமமான கோமாளிகளாக இருந்தமையால், எவருடைய தமிழும் அங்கு தாழ்ந்திருக்கவில்லை. 1976இல் அது திரைப்படமாகவும் வெளிவந்தது.

சிரிப்பு எல்லோருக்கும் பொதுவாயின் அது உறவு. ஒரு சாராரை மட்டுமே குறிவைப்பின் அது ஏளனம். தோட்டப்புறத்திலிருந்து நகரப் பாடசாலைக்கு வரும் பிள்ளை, தன் தாயின் பேச்சை வகுப்பறையில் மறைக்க நேர்வதற்கு இந்த ஏளனமும் ஒரு காரணமாகும். மலையகத் தமிழ் பேசும் நீதிபதியையும் கிழக்கு முஸ்லிம்களின் தமிழ் பேசும் வைத்தியரையும் எமது நாடகங்கள் காட்டட்டும். அதற்குப் பெரும் செலவு தேவையில்லை, மனமே தேவை.