துருப்பிடிக்காத கத்தியும் வெட்டுகிற கத்தியும்

'துருப்பிடிக்கிற கத்தி மட்டமான கத்தி' என்ற எண்ணம் நாஞ்சில் நாட்டில் நன்றாக வேர்விட்டுவிட்டது. கன்னியாகுமரி கடற்கரைக் கடையில் பளபளக்கும் மடக்குக்கத்தியை ஆசையாக வாங்குகிறவர், ஊர்க் கொல்லன் அடித்த கத்தியைக் கண்டால் முகம் சுளிக்கிறார். கேட்டால், "இது ஸ்டெயின்லெஸ், அது பழைய லாரி இரும்பு" என்பார். இந்த ஒரு வரித் தீர்ப்பில் பட்டறைக்காரரின் பிழைப்பே போகிறது.

ஸ்டெயின்லெஸ் என்பது ஒரே எஃகின் பெயர் அல்ல. சுமார் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் குரோமியம் கலந்த ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். சாப்பாட்டுத் தட்டும் அதில் சேர்த்தி, அறுவைக் கத்தியும் சேர்த்தி! தட்டுக்குரிய எஃகை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது. ஆக, வெறும் 'ஸ்டெயின்லெஸ்' என்ற முத்திரை கூர் நிற்குமா என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

லாரி ஸ்பிரிங் பட்டையில் கார்பன் சுமார் 0.6 சதவீதம். பாரம் தாங்கி வளைந்து மீளவே செய்த எஃகு. அதைச் செக்கச்செவேலெனக் காய்ச்சி, தோய்த்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதம் இறக்கினால் கூரும் நிற்கும், சட்டென்று உடையவும் உடையாது. மலிவு என்பதால்தான் பட்டையை எடுக்கிறார்களாம். மலிவும் ஒரு காரணம்தான், யார் மறுத்தது? மலிவு மட்டுமே காரணம் என்றால் கட்டடக் கம்பித் துண்டு இன்னும் எளிதாகக் கிடைக்குமே! கார்பன் போதாது, கூர் நிற்காது என்று தெரிந்துதான் அதை ஒதுக்குகிறார்கள்.

பனையேறி தினமும் பாளையை மெல்லிசாகச் சீவ வேண்டும். அரிவாள் மழுங்கினால் பாளை நசுங்கும், பதநீர் குறையும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவரின் கத்தி கொஞ்சம் ஆழம் போனாலே மரத்துக்குக் காயம். இவர்களுக்குக் கூர்தான் கூலி. துருவா? துடைத்து எண்ணெய் தடவினால் தீர்ந்தது.

குளச்சலிலும் முட்டத்திலும் மீன் வெட்டுகிற கைக்கு இந்த வாதம் பொருந்தாது. உப்பும் ஈரமும் ஓயாத இடத்தில் ஸ்டெயின்லெஸ்தான் புத்திசாலித்தனம்.

வெளிநாட்டுக்காரன் மட்டும் என்ன செய்கிறான்? பிரான்சின் ஓப்பினெல் ஒரே மடக்குக்கத்தியைக் கார்பன் எஃகிலும் ஸ்டெயின்லெஸ்ஸிலும் விற்கிறது. உபயோகத்தைப் பார்த்து எடுத்துக்கொள் என்கிறது. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் இதைவிடக் கடினமான எஃகு இருந்தும் 56 ராக்வெல்லை ஒட்டி நிறுத்திக்கொள்கிறது. வாங்கியவரே சுலபமாகத் தீட்டிக்கொள்ளலாம் அல்லவா?

கடற்கரைக் கடையில் 'இது என்ன எஃகு?' என்று கேட்டுப் பாருங்கள். பிறகு பட்டறையில் கேளுங்கள். எந்த வண்டியின் பட்டை என்பது வரை சொல்லக்கூடும்.