குற்றச்சாட்டு ஒருவர்மேல், சோதனை எல்லோருக்குமா?
தேர்வாய் கண்டிகை, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளர்கள் பலர் ஒரே வாடகை அறையைப் பகிர்ந்து வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயர் ரவுடிப் பட்டியலில் இருக்கலாம். அதற்காக மற்றவர்களின் பெட்டியையும் போலீஸ் கிளறலாமா? கண்காணிப்பு என்ற பெயரில் இரவில் வீடு புகும் விதியை 1962இலேயே கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வாரண்ட் இல்லாத சோதனை என்றால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 185ஆவது பிரிவுப்படி, காரணத்தை முன்பே எழுதிவைக்க வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். 105ஆவது பிரிவு வீடியோ பதிவைக் கட்டாயமாக்குகிறது. குடியிருப்பவர் விண்ணப்பித்தால் எழுதிவைத்த காரணத்தின் நகல் இலவசம்! தமிழ் படிக்கத் தெரியாத வடமாநிலத் தொழிலாளிக்கு இதை யார் சொல்வது? திருவள்ளூர் மாவட்டக் காவல்துறையே இந்த விதிகளை இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிட்டு விநியோகிக்க வேண்டும்.