77வது நிமிடத்தில் எழுந்தவர்கள்!



தன் அணி ஜெயித்தால் குதிப்பவன், தோற்றால் எதிரணியைத் திட்டுபவன் தான் ரசிகன் என்று நினைக்கிறீர்களா? இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து ரசிகர்களின் கதையைக் கேளுங்கள்.

2016ல், ஆன்ஃபீல்டு மைதானத்தைப் பெரிதாக்கி வந்த லிவர்பூல் கிளப், அடுத்த சீசனில் சில இருக்கைகளுக்கு 77 பவுண்டு கட்டணம் என அறிவித்தது. அதுவரை அதிகபட்சமே 59 பவுண்டு தான். அப்பா, மகன் எனத் தலைமுறையாக வரும் சாதாரணக் குடும்பங்கள் என்ன செய்யும்?

பிப்ரவரி 6ல், சண்டர்லாந்து அணியுடன் ஆட்டம். லிவர்பூல் 2-0 என முன்னிலை. சரியாக 77வது நிமிடத்தில், ஏறத்தாழ 10 ஆயிரம் ரசிகர்கள் எழுந்து வெளியேறினர். அதன் பின், சண்டர்லாந்து இரண்டு கோல் போட, ஆட்டம் 2-2 என சமனில் முடிந்தது.

"ஆடும் அணியை அம்போவென விட்டுப் போகலாமா? மைதானம் கட்டப் பணம் வேண்டாமா?' என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும் தான். ஆனால், "டிவி' ஒளிபரப்பில் கோடி கோடியாக வருமானம் வரும்போது, ஏழை ரசிகனின் சட்டைப் பையிலா கை வைப்பது?

வெளியேறியவர்களில் பலருக்கு, 77 பவுண்டு கொடுக்க வசதி இருந்திருக்கும். கொடுக்க முடியாதவர்களுக்காகவும் சேர்ந்து தான் அவர்கள் எழுந்தனர். அதனால் தான் அவர்களை உண்மையான ரசிகர்கள் என்கிறேன்.

நான்கே நாளில் கிளப் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, 77 பவுண்டு கட்டணத்தைக் கைவிட்டனர். இரண்டு சீசனுக்குக் கட்டணத்தை உயர்த்த மாட்டோம் என்றும் அறிவித்தனர்.

செல்லங்களே... பிடித்தவர்கள் தவறு செய்தால், கண்ணை மூடிக் கொண்டு கை தட்டாதீர்கள். தவறை எடுத்துச் சொல்வதும் அன்பு தான்!