வெந்நீர் ஊற்றும் வீட்டு உறுதியும்



திருகோணமலைக்குச் சுற்றுலா போகும் நம் தோட்டத்து பஸ்கள் கோணேஸ்வரத்தைத் தரிசித்த கையோடு கன்னியாவிலும் நிற்கும். அங்கே ஏழு சிறு வெந்நீர்க் கிணறுகள். ஒன்றின் சூடு மற்றதில் இராது. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் குத்திய இடங்கள் என்பது ஐதீகம். மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே வெகு ஆழம் இறங்கி, சூடேறி மேலே வருகிறது என்பது விஞ்ஞானம். மகாஓயா, மதுநாகல ஊற்றுகளும் இப்படித்தான்.

"நம்ம பக்கமும் இப்படி ஒன்னு இருந்தா நாலு காசு பார்க்கலாமே" என்று நான் சந்திக்கும் பெண்கள் சொல்வதுண்டு. ஊற்று இருந்தால் மட்டும் போதுமா?

கன்னியாவைப் பிரதேச சபைதான் பராமரித்து வந்தது. 2011 அளவில் அது தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்புக்குப் போனது. நுழைவுச்சீட்டுப் பணமும் கூடவே போனது. 2019 ஜூலையில் அங்கே போராட்டம் நடந்தது. வழக்கு திருகோணமலை மேல் நீதிமன்றம் வரை சென்றது.

ஜப்பானில் குரோகவா என்ற மலைக் கிராமத்தின் கதை வேறு. அங்குள்ள வெந்நீர் விடுதிக்காரர்கள் 1986இல் ஒன்றுகூடி, உள்ளூர் மரத்தில் ஒரு வில்லை செய்தார்கள். அதை வாங்குபவர் விரும்பிய மூன்று விடுதிகளில் குளிக்கலாம். தனித்தனி விளம்பரப் பலகைகளை அகற்றினார்கள், மரம் நட்டார்கள். வருகிறவர் ஒரு விடுதிக்கு அல்ல, ஊருக்கே விருந்தாளி ஆனார்.

நம் மலைக்கும் ஆட்கள் வராமல் இல்லை. தலவாக்கலைப் பக்கம் டெவன், சென் கிளயர் நீர்வீழ்ச்சிகள். டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலை யாத்திரை. ஆனால் லயத்து அறையில் விருந்தாளியை எங்கே தங்கவைப்பது? அந்த அறை நம் பெயரிலா இருக்கிறது?

இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 7 பேர்ச் காணியில் வீடு பெற்ற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வீட்டில் விருந்தாளிகளைத் தங்கவைக்கும் ஹோம்ஸ்டே முறைக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு இருக்கிறது. அதற்கு முன் ஒரு வேலை: காணி உறுதி கைக்கு வந்ததா, அதில் மனைவியின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீடு இல்லாத சகோதரிகளுக்கும் வழி உண்டு. நீர்வீழ்ச்சிக்கு வரும் பெண்கள் முதலில் தேடுவது மலசலகூடமும் உடுப்பு மாற்ற ஒரு மறைவும்தான். அதையும் ரொட்டி, சம்பல், தேநீர்க் கடையையும் மாதர் சங்கம் பொறுப்பெடுக்கலாம். அதற்கு இடம் கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச சபைக்கும் எழுத்தில் மனுக் கொடுங்கள். வாய்ப்பேச்சுக்குப் பதில் வராது. மனுவின் பிரதியையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.