மழை நின்ற பிறகு வரும் தண்ணீர்

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் காலையில் காப்பி இறங்குவதற்குள் குழந்தைகள் நச்சரிக்க ஆரம்பித்து விடுகிறார்கள்: "இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, இல்லையா?" வானிலைச் செய்தியில் அவர்களுக்கு வேண்டியது அந்த ஒரு சமாசாரம்தான். குடித்தனம் நடத்துகிற நமக்கோ அது போதாது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக் கொள்வோம். மேல்நாடுகளில் குளிர்ந்த காற்று வெப்பக் காற்றின் அடியில் புகுந்து அதை மேலே தள்ளுமாம். மேகம் திரண்டு மழை கொட்டுமாம். இதைக் குளிர் முகப்பு என்கிறார்கள். மார்கழி, தையில் பஞ்சாபிலும் டில்லியிலும் பெய்கிற மழை, மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகளால் உண்டாவது. அங்கே கோதுமைப் பயிருக்கு அது அமிர்தம். நம் மழையோ வங்காள விரிகுடாவின் கொடை. சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்றே மாதங்களில் கிடைத்து விடுகிறது. ஆகவே, டில்லிக் குளிரைக் கேட்டு நாம் நடுங்க வேண்டியதில்லை; கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றால்தான் காதைத் தீட்டிக் கொள்ள வேண்டும்.

வானிலை நிலையத்தார் எச்சரிக்கைக்கு வர்ணம் வைத்திருக்கிறார்கள். மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் ஆயத்தம். சிவப்பு என்றால் உடனே காரியத்தில் இறங்க வேண்டும். ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தால் அதை 'அதி கனமழை' என்கிறார்கள். 20 செ.மீ. என்பது ஒரு சாண் உயரம்தானே என்று நினைத்து விடாதீர்கள். 600 சதுர அடி மொட்டை மாடியில் அந்த மழை பெய்தால் சுமார் 11,000 லிட்டர் தண்ணீர். கோடையில் நாம் தவம் கிடந்து வாங்குகிறோமே, அந்தத் தண்ணீர் லாரி ஒன்று முழுசாக! தெருவிலுள்ள அத்தனை வீட்டு மாடியிலிருந்தும் இப்படி லாரி லாரியாக இறங்கினால் சாக்கடை என்ன செய்யும், பாவம்?

ஆனால் வானத்தை மட்டும் பார்த்தால் போதுமா? போதாது என்பதை வட சென்னையின் மணலிக்காரர்களைக் கேட்டால் தெரியும். 2021 நவம்பரில் பூண்டி ஏரி நிரம்பி, உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் திறந்து விடப்பட்டது. ஊரில் மழை குறைந்த பிறகும் மணலி புதுநகர்த் தெருக்களில் தண்ணீர் ஏறியது. எங்கோ ஆந்திர எல்லையிலும் திருவள்ளூர்ப் பக்கத்திலும் பெய்த மழை, ஆற்றோடு நடந்து வந்து வாசலில் நின்றது! காரணம், அந்த ஆறு மணலி புதுநகரை ஒட்டி வந்து எண்ணூர்க் கழிமுகத்தில்தான் கடலைச் சேருகிறது.

2023 டிசம்பர் கற்றுக் கொடுத்த பாடம் வேறு. 'மிக்ஜாம்' புயல் கரையேறியது என்னவோ ஆந்திராவில், பாபட்லாவுக்கு அருகே, 5-ஆம் தேதி. ஆனால் 3, 4 தேதிகளில் மழையைக் கொட்டி மூழ்கடித்தது சென்னையை. அப்போது மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர் வரை பரவியது. வீட்டுச் சுவரில் கறுப்புக் கறை. மீனவர் படகிலும் வலையிலும் பிசுக்கு. கூழைக்கடாக்களின் சிறகிலும் அதே. தண்ணீர் வடிந்தும் எண்ணெய் வடியவில்லை.

ஆகையால் சகோதரிகளே, ஆற்றுக்கும் கால்வாய்க்கும் பக்கத்தில் குடியிருப்பவர்கள் மழைச் செய்தியோடு இன்னும் இரண்டு விஷயங்களையும் பாருங்கள். ஒன்று, பூண்டியில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்பது. மற்றொன்று, வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலில் ஏற்றம் அதிகம். ஏற்ற நேரத்தில் கடல், வெள்ளத்தைச் சுலபமாக உள்ளே வாங்கிக் கொள்ளாது. நாம் விரதத்துக்காகப் பார்க்கிற தேதி வெள்ளத்துக்கும் உதவும்!

சிவப்பு எச்சரிக்கை வந்தால் ரேஷன் கார்டு, பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் கட்டி உயரத்தில் வையுங்கள். அரிசி, பருப்பு பரணுக்குப் போகட்டும். குடிநீரை முன்கூட்டியே பிடித்து மூடி வையுங்கள். தரைத் தொட்டியில் வெள்ளம் புகுந்திருந்தால், தொட்டியைச் சுத்தம் செய்யாமல் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். வீட்டுக்குள் தண்ணீர் நுழையுமுன் மின்சார மெயினை அணைத்து விடுங்கள். எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் குழந்தைகளை இறங்க விடாதீர்கள்.

இவ்வளவும் நம்மால் முடியும். ஆனால் அரிசி மூட்டையைத் தூக்கிப் பரணில் வைக்கிற பெண்ணால் கால்வாயைத் தூர் வார முடியுமா? ஆலையின் எண்ணெய்க்குக் கரை கட்ட முடியுமா? அவை செய்ய வேண்டியவர்கள் செய்ய வேண்டிய காரியங்கள். மழை வருமுன், வெயில் காய்கிற சித்திரை, வைகாசியிலேயே, "எங்கள் தெருக் கால்வாய் என்ன ஆயிற்று?" என்று வார்டு உறுப்பினரிடம் நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். வெள்ளம் வந்த பிறகு கேட்டால் பதில் சொல்லப் படகில்தான் வருவார்கள்!