லைட்டுக்கும் ஸ்டிக்கருக்கும் கொடுக்கும் சல்லி

போன கிழமை ஒரு வாப்பா மோட்டார் சைக்கிளில் சிபியு பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு பாடசாலைக்கே வந்துவிட்டார். பின்னால் மகன். ஓ/எல் எழுதிவிட்டு வீட்டில் நிற்கிற பிள்ளை. "சேர், ஐ7 எண்டு சொல்லித்தான் தந்தாங்க. கேம் ஒண்டும் ஓடுதில்லையாம். மூணு நாளா இவன் ஒழுங்காச் சோறு தின்னல்ல" என்றார். நெல் விற்ற சல்லியில் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் அந்தப் பெட்டிக்குப் போயிருந்தது.

கொம்பியூட்டர் அறையில் வைத்துத் திறந்து பார்த்தோம். ஐ7 என்றது பொய்யில்லை. ஐ7-2600. அது சந்தைக்கு வந்தது 2011இல், அந்தப் பிள்ளை நடை பழகிய காலத்தில். ஒற்றைத் துண்டாக 8 ஜிபி டிடிஆர்3 ரேம். கிராபிக்ஸ் கார்ட் ஜிடி 730. அது 2014இல் வந்த, படம் காட்டுவதற்கு மட்டும் உதவுகிற கார்ட். பெயர் தெரியாத ஒரு பவர் சப்ளை. இவ்வளவையும் மூடி, கண்ணாடிப் பக்கமும் கலர் கலராக எரிகிற நாலு ஃபேனும். விண்டோஸ் 11ஐ ஏதோ குறுக்குவழியில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். விண்டோஸ் 11இல் வெலரன்ட் ஓட டிபிஎம் 2.0 வேண்டும். அந்தக் காலத்து மதர்போர்டில் அது இல்லை. கேம் திறக்கவே மறுத்ததற்குக் காரணம் அதுதான்.

கடையின் பெயரைச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. கடைக்காரரில் மட்டும் பிழை சொல்லவும் மனம் வரவில்லை. பிள்ளை கேமிங் கொம்பியூட்டர் கேட்டதும் வீட்டில் என்ன நடந்தது? "கேம் விளையாடினா படிப்புப் போயிரும்" என்று ஒரு மாதம் சண்டை. பிறகு உம்மாவின் கண்ணீர், கட்டாரிலிருக்கும் காக்காவின் சிபாரிசு. கடைசியில் சல்லியைக் கையில் கொடுத்து "என்னவும் செய்" என்று விட்டுவிட்டார்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் அதே பிழையைத்தான் செய்கிறோம். கேம் என்ற சொல் காதில் விழுந்தால் புத்தி சொல்லத் தொடங்குகிறோம். எந்தப் பாகம் நல்லது என்று கேட்க வந்த பிள்ளை வாயை மூடிக்கொண்டு போய்விடுகிறது. அதற்குப் பிறகு அதற்கு யூடியூப்பும் கடைக்காரரும்தான் துணை. யூடியூப்பில் தமிழில் பேசுகிறவர்களில் அநேகர் இந்திய விலை சொல்கிறார்கள். அதை நாலால் பெருக்கிப் பார்த்தால் இங்கத்தைய விலை வராது. இங்கே டொலர் விலையும் 18 வீத வற் வரியும் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் நாங்களும் இப்படித்தான் தட்டுத் தடுமாறி, வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கொம்பியூட்டர் பூட்டினோம். அதில் பட்டதையும் அதற்குப் பிறகு ஊரில் ஏழெட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்த்ததையும் வைத்தே எழுதுகிறோம்.

முதலில் பெயரைப் படிக்கப் பழக வேண்டும். ஐ3, ஐ5, ஐ7 என்பது வகை மட்டும். காலத்தைச் சொல்வது அதற்குப் பின்னால் வருகிற இலக்கம். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2022இல் வந்த ஐ3-12100க்கும் அந்தப் பழைய ஐ7க்கும் நாலு கோர், எட்டு த்ரெட் என்று கணக்கு ஒன்றுதான். ஆனால் ஓடவிட்டால் ஐ3 அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். இன்டெலில் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். "இப்ப 12100எஃப் எடுப்போம், கார்ட் பிறகு வாங்குவோம்" என்று எடுத்தால், கார்ட் வாங்கும் வரைக்கும் கறுப்புத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சல்லி மட்டாக உள்ள வீட்டுக்கு எங்கள் விருப்பம், முதலில் கிராபிக்ஸ் கார்ட் வாங்காமலே தொடங்குவது. ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி போன்ற ஒன்றை எடுங்கள். ஆறு கோர், உள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ். வெலரன்ட், மைன்கிராஃப்ட், ஜிடிஏ 5 எல்லாம் செட்டிங்கைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் தாராளமாக விளையாடலாம். ஏ/எல்லுக்கு ஐசிடி எடுத்தாலும், பைதன் எழுதினாலும், வீடியோ எடிட் பண்ணினாலும் அது தாங்கும். ஒரு வருடம் கழித்து, பிள்ளைக்கு உண்மையிலேயே அதில் ஆர்வம் இருக்கிறதா என்று தெரிந்த பிறகு, ஆர்எக்ஸ் 6600 மாதிரி 8 ஜிபி கார்ட் ஒன்றைப் பூட்டலாம். ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 5600ஜியின் கேஷ் 5600இல் உள்ளதில் பாதிதான். அதனால் கார்ட் பூட்டிய பிறகு 5600 தருகிற அளவுக்கு வேகம் வராது. கார்டையும் இன்றே வாங்க வசதி இருப்பவர்கள் 5600ஐ எடுக்கட்டும். பழைய பி450 மதர்போர்ட் கொடுத்தால், பயோஸ் அப்டேட் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள்.

கார்ட் இல்லாமல் தொடங்குகிறவர்கள் ரேமில் கவனம். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்தமாக மெமரி கிடையாது, ரேமிலிருந்துதான் கடன் வாங்குகிறது. 16 ஜிபி ஒரே துண்டாகப் போட்டால் ஒரு பாதை, 8 ஜிபியில் இரண்டு துண்டு போட்டால் இரண்டு பாதை. இந்த வித்தியாசத்தை எந்தப் பிள்ளையும் கண்ணாலேயே பார்க்கலாம். 2025 கடைசியிலிருந்து ஏஐ தரவு நிலையங்களுக்காக மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது. அதனால் கடைகளில் ஒற்றைத் துண்டைத் தள்ளப் பார்ப்பார்கள்.

இனி நாங்கள் கொஞ்சம் கூடவே பேச விரும்புவது பவர் சப்ளையைப் பற்றி. யாரும் பார்க்காத பாகம், லைட்டும் எரியாது, அதனால் கடைக்காரர் விலையைக் குறைக்க முதலில் கை வைப்பதும் அதில்தான். வாப்பா கொண்டுவந்த பெட்டியில் இருந்ததில் 500 வொட் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும், அதைப் பாருங்கள். 12 வோல்ட் வரியில் 18 அம்பியர் என்று இருந்தது. 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வொட். ப்ரொசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போவது அநேகமாக இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். ஆர்எக்ஸ் 580 கார்ட் மட்டும் 185 வொட் தின்னும், ப்ரொசசர் இன்னொரு 65. கூட்டிப் பாருங்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்குகிற கணக்கு. இதைத் தெரிந்துகொள்ளாமல் பூட்டினால் கேம் நடுவில் கொம்பியூட்டர் பட்டென்று அணையும், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

நம் வீடுகளின் கரண்ட் நிலைமை எல்லோருக்கும் தெரியும். இரவு ஏழு, எட்டு மணிக்கு ஃபேன் சோர்ந்துபோய்ச் சுற்றுகிற வீடுகள் எத்தனை? 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதை மறந்திருக்க மாட்டோம். வெட்டிய கரண்ட் திரும்பி வருகிற அந்த நொடியில்தான் சாமான்கள் பழுதாகின்றன. ஆகவே பெயர் தெரிந்த கம்பனியின், 80 பிளஸ் முத்திரையுள்ள, 12 வோல்ட்டில் போதிய அம்பியர் காட்டுகிற ஒன்றை வாங்குங்கள். 500 அல்லது 550 வொட் போதும். அதோடு ஏர்த்தைப் பாருங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் சொருகி வைத்திருக்கும் வீடுகளில் பெட்டியின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். அதைப் பிள்ளைகள் பகிடியாகச் சொல்கிறார்கள். பகிடியில்லை, எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

பாவித்த கார்ட் வாங்குவதை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இருப்பதும் பாவித்ததுதான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்ற பிறகு, இரவு பகலாக ஓடிய கார்ட்டுகள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் 2048எஸ்பி என்ற ஒரு வகை இருக்கிறது. அது பெயரில் 580, வேலையில் 570. 1050 டிஐ என்ற பெயரில் பழைய சிப்பை ஒளித்து விற்பதும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். போலியான கார்ட் பலவற்றை அது போலி என்றே காட்டிக் கொடுக்கும். பிறகு அரை மணித்தியாலம் ஒரு கேமை ஓடவிட்டுப் பாருங்கள். விற்கிறவர் சம்மதிக்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

இதற்கும் சல்லி காணாது என்றால், பாவித்த ஒஃபிஸ் கொம்பியூட்டர் ஒன்று எடுக்கலாம். ஆனால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏறும். ஐ5-8500 உள்ள ஒன்று கிடைத்தால் ஆறு கோர், நல்ல தொடக்கம். மெல்லிய பெட்டியாக இருந்தால் சாதாரண கார்ட் உள்ளே போகாது, அளவைப் பார்த்து எடுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கை விட்டுவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். ஜிடிஏ 5 மட்டும் 100 ஜிபியைத் தாண்டும், அதனால் 256இல் நிற்க வேண்டாம். பெட்டி முன்னால் காற்று போகிற வலை வைத்ததாக இருந்தால் போதும். கடற்கரைப் பக்கம் வீடு உள்ளவர்கள் பெட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள். உப்புக் காற்று இரும்புக் கேட்டுக்குச் செய்வதை மதர்போர்டுக்கும் செய்யும்.

பில் விஷயத்தில் வெட்கப்படக் கூடாது. "கேமிங் பிசி 1" என்று எழுதிய பில்லை வாங்காதீர்கள். ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் இலக்கமும், சீரியல் இலக்கமும், எத்தனை வருட வொரண்டி என்பதும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். வாப்பாவின் கையில் இருந்த பில்லில் ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எங்கும் போய்ப் பேச முடியாது. சரியான பில் இருந்தால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977இல் முறைப்பாடு செய்யலாம்.

பூட்டுகிற வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். வாப்பா பக்கத்தில் இருந்தால் போதும். ரைசன் 5600ஜியின் முள்கள் ப்ரொசசரின் அடியிலேயே இருக்கின்றன, அதை மட்டும் அழுத்தாமல் வைக்க வேண்டும். மற்றதெல்லாம் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வேலை. எங்கள் வீட்டில் எல்லாம் பூட்டி முடித்து, திரை வரவில்லை என்று அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். மொனிட்டர் வயரைக் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகியிருந்தோம். கண்டுபிடித்தது மகள், பத்தாம் ஆண்டு. மகள் கேட்டாலும் வாங்கிக் கொடுங்கள் என்று இதனால்தான் சொல்கிறோம். எங்கள் வகுப்பில் இந்தச் சாமான்களைப் பற்றிக் கூடக் கேள்வி கேட்பது பெண்பிள்ளைகள்தான்.

அந்த வாப்பாவின் கதைக்கு வருவோம். கடையில் போய்க் கதைத்தார். முழுவதும் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள், கார்டுக்கும் மதர்போர்டுக்கும் ஒரு தொகை குறைத்துத் தர இணங்கினார்கள். பெட்டியும் எஸ்எஸ்டியும் மிஞ்சும். மகன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தானே ஒரு பட்டியல் எழுதிக் கொண்டுவந்தான், பவர் சப்ளைக்குப் பக்கத்தில் அம்பியர் கணக்கும் போட்டிருந்தான். மிச்சத்துக்கு அடுத்த போகம் வரை பொறுக்கலாம் என்று வாப்பாவிடம் அவனே சொல்லிவிட்டானாம்.

வேறு யாரும் இந்த லீவில் வாங்கப் போகிறீர்கள் என்றால், சல்லி கொடுக்குமுன் கடையில் எழுதித் தருகிற பட்டியலைப் படம் பிடித்து இன்பொக்ஸில் அனுப்புங்கள். பாடசாலை விட்டு வந்து, அஸருக்குப் பிறகு பார்த்துச் சொல்கிறோம்.